கடைசி வீட்டுத் தொட்டி

…அதத்தானே தம்பி நானும் சொல்றேன், ஆளு சரியில்லன்னா மோட்டாரு என்னா பண்ணும் பாவம்! நீங்க மூணாவது ஆளு. மொத வந்தவரு மோட்டாரைக் கழட்டிப் பாத்துட்டு காயில் போயிருச்சுன்னாரு. புதுசு சுத்திப் போட்டாச்சு. அடுத்து வந்தவரு மொட்டை மாடித் தொட்டியில அடைப்புன்னாரு. உள்ள எறங்கி வாளி வாளியாச் சேறு அள்ளிக் கொட்டுனாரு. சேறு போச்சு, தண்ணி வரல. இப்ப நீங்க குழிக்குள்ள தலையைக் குடுத்துக்கிட்டுக் கெடக்குறீங்க. பாத்து தம்பி, அந்தக் குழியில நேத்து ஒரு தேரை இருந்துச்சு. கடிக்காது. மூஞ்சியில தாவும், அவ்ளோதான்.

என்னா… ஸ்பானரா? எது, இதுவா? இது இல்லையா? அப்ப இதா? ஆங், இந்தாங்க. பேரு புகழேந்திதானே? இந்த ஃபிளாட்டு செகரட்டரி சண்முகசுந்தரம் ஐயா போன்ல கத்துனாரே, தெருவுக்கே கேட்டுச்சு. "புகழேந்தி, இன்னிக்கு நீ கண்டுபுடிக்கலன்னா வாட்ச்மேன் சாமிநாதன்தான் தண்ணியத் திருடுறான்னு முடிவு பண்ணிருவேன்"னாரு. கண்டுபுடிக்கிறதுக்கு என்னா இருக்கு, அந்த ஆளுதான்! தண்ணிய வுடுறவன் பக்கத்துலயே நிக்கணும் தம்பி. மோட்டாரைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயி பேப்பர் படிச்சுக்கிட்டு நின்னா? எங்கூர்ல அப்புடி ஒருத்தன் மடையத் தொறந்து வுட்டுட்டு டீக்கடைக்குப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள அவன் பங்கு அடுத்தவன் வயல்ல கெடக்கும்.

எந்தூரா? குரும்பகரம் தம்பி. பேரு மாரிக்கண்ணு. சிரிக்காதீங்க! குழிக்குள்ள சிரிச்சா எனக்குத் தெரியாதா, காலு ஆடுதே. எல்லாரும் இப்புடித்தான் சிரிக்கிறாங்க. பஸ்ஸு ஏறுனா இந்தா இருக்கு குரும்பகரம், அங்கேர்ந்தா வெளியூருக்கு வேலைக்கு வந்தீங்கன்னு. கிட்டதான், யாரு இல்லன்னா? ஆனா ஒரு ஊருக்கு வந்துட்டுப் போறது வேற, அந்த ஊர்ல படுத்து எந்திரிக்கிறது வேற. காரைக்காலுக்கு நான் எத்தனை தடவ வந்திருப்பேன்! மாங்கனித் திருவிழாவுக்கு வந்து, மாங்கா புடிக்க முந்தானைய விரிச்சு, மாங்கா மண்டையில வுழுந்து வீங்கிப் போயிருக்கேன். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன். துணி எடுக்க வந்திருக்கேன். பொழுது சாஞ்சா பஸ்ஸைப் புடிச்சிருவேன். ராத்தங்குனது கெடையாது. தங்குனாத்தான தெரியுது இது வேற சீமைன்னு.

இந்த வீடு என்னுது இல்ல. பேங்க்ல வேலை பாக்குதே விஷ்ணுப்ரியா, அந்தப் பொண்ணு வீடு. அது வூட்டுக்காரரு நவநீதன் சென்னையில இருக்காரு. பள்ளிக்கூடம் லீவு வுட்டா புள்ளையப் பாத்துக்க ஆளு வேணுமில்ல? அதுக்குத்தான் என்னையக் கூட்டியாந்துது. லீவு முடியிற வரைக்கும் வேலை. கோடையில நமக்கும் வயக்காட்டுல என்னா இருக்கு? வெடிச்சுக் கெடக்குற பாளத்துல கால வச்சா கணுக்கால் உள்ள போவுது. சும்மா கெடக்குறதுக்கு ஒரு புள்ளைக்குச் சோறூட்டுவோமேன்னு வந்தேன். நிலான்னு பேரு. உள்ள டிவி சத்தம் கேக்குதுல்ல, அதான். அது தங்கம் தம்பி. அது ஒண்ணுதான் இந்த ஊர்ல எங்கிட்ட நின்னு பேசும்.

பின்ன என்னா? எல்லாருந்தான் கதவைச் சாத்திக்கிட்டு இருக்காங்களே! வந்த மறுநாளு, ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்ல. எதிர் வூட்டுக் கதவைத் தட்டுனேன். சங்கிலி போட்டபடி ஒரு கண்ணு மட்டும் தெரியுது. "யாரு வேணும்?"னுச்சு அந்தக் கண்ணு. "யாரும் வேணாம்மா, கறிவேப்பிலைதான் வேணும்"னேன். சாத்திருச்சு. நானும் திரும்பி வந்து பாக்குறேன், நம்ம வூட்டுக் கதவும் சாத்திக்கிச்சு. சாத்துனதோட வுடாம அதுவா பூட்டிக்கிச்சு! இது என்னா கதவு தம்பி, வூட்டு ஆளையே வெளிய நிறுத்துற கதவு? உள்ள அடுப்புல ரசம். அப்புறம் அந்த சாமிநாதன்தான் சன்னல் வழியா கம்பை வுட்டு கொக்கியைத் தூக்குனாரு. ரசம் வத்திப் போச்சு. வேடிக்கை என்னான்னா, கறிவேப்பிலை அந்த ஆளு ரூம்புலயே இருந்துச்சு. அல்லி குடுத்துச்சு. அல்லி அவரு சம்சாரம், மாடிப்படிக்கு அடியில ஒரு ரூம்பு இருக்கு பாருங்க, அதுலதான் ரெண்டு பேரும் குடித்தனம்.

அதுக்காக வேலையில பொறுப்பு இல்லன்னா சொல்லாம இருக்க முடியுமா? நீங்க சொல்லுங்க.

தெருவும் அப்புடித்தான். பிரெஞ்சுக்காரன் நூலு புடிச்ச மாதிரி போட்டுட்டுப் போயிட்டான். எல்லாம் நேரா இருக்கு, எல்லாம் ஒண்ணு போல இருக்கு. ஒரு வளைவு, ஒரு புளியமரம், ஒரு குட்டிச் செவுரு, திரும்புறதுக்கு ஒரு அடையாளம் வேணாமா? பால் வாங்கப் போனவ, பால் திரிஞ்சு போற வரைக்கும் சுத்துனேன். கடைசில சாமிநாதன் சைக்கிளை எடுத்துக்கிட்டுத் தேடி வந்தாரு. வந்தவரு, "அத்தை, தெருப் பேருதான் போர்டுல போட்டிருக்கே, படிக்க வேண்டியதுதானே"ங்குறாரு. படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்யா ஒன்னையத் தேட வுடுறேன்? வந்துச்சு பாருங்க கோவம்! அப்புறம் ஒண்ணும் பேசல. மறுநாளு பாக்குறேன், தெருமுக்குப் போஸ்ட்டுல ஒரு பழைய சைக்கிள் டயரை மாட்டி வச்சிருக்காரு. "டயரு இருந்தா நம்ம தெரு, அத்தை"ன்னாரு.

அத வச்சித்தான் இன்னிக்கும் வர்றேன். சரி, அது வேற கதை.

என்னா, வெளக்கப் புடிக்கணுமா? இப்புடியா? கொஞ்சம் கீழயா? புடிச்சுக்கிட்டேன், நீங்க பாருங்க.

தண்ணிக்கு வருவோம். நான் வந்த நேரமோ என்னமோ, வந்து கொஞ்ச நாள்ல மாடி வூட்டுக்கெல்லாம் தண்ணி நின்னுருச்சு. மோட்டாரு ஓடுது, ஓடுற நேரமெல்லாம் ஓடுது, மேல தொட்டியில நனைஞ்ச மாதிரி கொஞ்சம் கெடக்கு. ரெண்டாவது மாடியில சஃபியான்னு ஒரு பொண்ணு, முழுவாம இருக்கு, வாளியத் தூக்கிக்கிட்டுப் படியில நின்னு மூச்சு வாங்குது. எனக்கு மனசு கேக்குமா? "குடும்மா"ன்னு வாங்கி, நம்ம தொட்டியில மொண்டு, நானே மேல கொண்டுபோய் வச்சேன். அன்னியிலேர்ந்து தினம் வைக்கிறேன். முட்டி வலிக்குது, வலிச்சா வலிக்கட்டும். தண்ணி இல்லாதவ கஷ்டம் கடைமடைக்காரிக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு, "நீங்க நல்லாருக்கணும்"னுச்சு. இப்பெல்லாம் படியில போனா கதவு தொறக்குது தம்பி. கறிவேப்பிலை தராத அந்த ஒத்தைக் கண்ணுகூட சங்கிலிய எடுத்துட்டு, "அத்தை, ஒரு குடம் கெடைக்குமா"ங்குது. இந்த ஊர்ல நமக்கு ஒரு மரியாதை வந்துருச்சுன்னா அது இந்தத் தொட்டியாலதான்.

ஆமா, நம்ம தொட்டியில இருக்கு. இந்தா, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட. ரொம்பிக் கெடக்கு பாருங்க. எட்டிப் பாருங்க, அப்புடியே கீரையையும் பாத்துருங்க! தண்டுக்கீரை. இந்த அக்கினி வெயில்ல எவ்ளோ ஒசரம் நிக்குது பாத்தீங்களா? வாழை ரெண்டும் குருத்து வுட்டு நிக்குது. செகரட்டரி வூட்டம்மா கேட்டு வாங்கிக்கிட்டுப் போயி, "மாரிக்கண்ணுக்குக் கைராசி"ன்னாங்க. சாமிநாதனுக்கும் ஒரு கட்டு குடுத்தேன். ஒங்களுக்கும் பறிச்சு வச்சிருக்கேன், போறப்ப மறக்காம எடுத்துக்குங்க.

ஏன் தம்பி வேலைய நிறுத்திட்டீங்க? வெளக்கு சரியாத்தானே புடிச்சிருக்கேன்?

தொட்டிக்குத் தண்ணி எப்புடி வருதா? இதென்னா கேள்வி, குழாயிலதான் வருது. நீங்க கைய வச்சிருக்கீங்களே அந்தத் திருகு, அதத் தொறந்தா தொட்டிக்கு. பக்கத்துல இருக்குறது மாடிக்கு. ஒரே மோட்டாரு, ரெண்டு வாய்க்கா. எனக்கு இது கூடத் தெரியாதா? படிக்கத்தான் தெரியாது.

மூடியிருக்கா? மூடித்தான் இருக்கும். முறை முடிஞ்சிருச்சுல்ல.

என்னா முறையா? இருங்க, சொல்றேன். வந்த புதுசுல தொட்டி காஞ்சு கெடந்துச்சு. புள்ளை துணியத் தொவைக்கணும், சாமிநாதனைக் கூப்புட்டு, "ஏம்ப்பா, தொட்டிக்குத் தண்ணி வுடு"ன்னேன். அதுக்கு அவரு சொன்னாரு பாருங்க ஒரு வார்த்தை… "வாரத்துக்கு ஒருவாட்டிதான் அத்தை வுடுவோம். கடைசி வீடுல்ல, அப்புடித்தான்"னாரு.

சுருக்குனு இருந்துச்சு தம்பி. கடைசி வீடு! பொறந்ததுலேர்ந்து இதத்தானே கேக்குறேன். மேட்டூர்ல தொறந்துட்டாங்கன்னு டிவியில பூத் தூவுவாங்க. நாங்க வாய்க்காக் கரையில நின்னுக்கிட்டு வெறும் மணலைப் பாத்துக்கிட்டு இருப்போம். எப்பம்மா வரும்னா, கடைமடைதானே, அப்புடித்தான் வரும்பாங்க. எங்க வூட்டு மனுசன் போனதுக்கப்புறம் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நான்தான் தண்ணி கட்டப் போவேன். பொம்பளைதானேன்னு எவனாவது எம் மொறையில கைய வச்சா மம்பட்டி பேசும். ஆனா ஒண்ணு, நான் ஒருத்தன் பங்கை முழுசா எடுத்ததே கெடையாது. நம்ம மடைய பாதி தொறப்பேன். பாதி தண்ணி நமக்கு, பாதி தண்ணி போறவனுக்கு. வயல் நனைஞ்சதும் அடைச்சுருவேன். அதுதான் நாயம்.

அதே மாதிரிதான் இஞ்சயும். காலையில சாமிநாதன் மோட்டாரைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போவாரா? நான் வந்து குழி மூடிய எடுத்து, இந்தத் திருகை பாதி தொறப்பேன். பாதிதான்! மாடிக்குப் போற திருகை நான் தொட்டதே இல்ல, எம் புள்ளை மேல சத்தியம். அவங்களுக்குப் பாதி போவட்டும், நமக்குப் பாதி வரட்டும். தொட்டி ரொம்பி வழிஞ்சா வீணாப் போவக்கூடாதுன்னு கொல்லையில ஒரு சின்ன வாய்க்கா வெட்டி வுட்டேன், அது கீரைக்கும் வாழைக்கும் போவும். அவரு திரும்பி வர்ற நேரத்துக்குத் திருகை இறுக்கிட்டு, மூடியையும் எடுத்த எடத்துல வச்சிருவேன். ஒரு பொட்டு அடையாளம் இருக்காது. அதெல்லாம் சுத்தம் நான்.

என்னா தம்பி இப்புடிப் பாக்குறீங்க? மூஞ்சியெல்லாம் சேறு, தொடைச்சுக்குங்க.

தொறந்து காட்டணுமா? காட்டுறேன். தள்ளிக்குங்க. இந்தா, ஒண்ணு… ரெண்டு… இவ்ளோதான் தொறப்பேன். எங்க போறீங்க, மோட்டாரைப் போடவா? போடுங்க, போடுங்க. நமக்கென்னா பயம்.

ஆங், ஓடுது. தொட்டியில சத்தம் கேக்குதா? கொடகொடன்னு எப்புடி வுழுது பாருங்க!

எதத் தொடணும்? மாடிக்குப் போற குழாயையா? தொட்டுட்டேன். என்னா தெரியணும்?

…

இருங்க. பேசாதீங்க.

நீங்க பேசல, சரி. நான் பேசல.

…

தம்பி, இது செத்துக் கெடக்கே! தண்ணி போற குழாயி கையில பேசும். நான் காதை வச்சே வாய்க்கால்ல எவ்ளோ தண்ணி வருதுன்னு சொல்லுவேன். இதுல ஒண்ணுமே ஓடலியே. பாதி தானே தொறந்தேன்… பாதி மேல போவணும்ல?

மூடுறீங்களா… மூடுங்க.

ஐயோ. ஏறுது. கையில தடதடங்குது தம்பி. மேல… மொட்டை மாடித் தொட்டியில வுழுற சத்தம் கேக்குது. கேக்குது எனக்கு.

ஆத்தாடி. வாய்க்காத் தண்ணி எல்லாம் கீழ பாத்து ஓடுறது. பாதி மடைன்னா பாதி தண்ணி. இது மூணு மாடி மேல ஏறணும்ல! கீழ ஒரு வழி தொறந்திருந்தா அது ஏன் மெனக்கெட்டு மேல ஏறப்போவுது? நானா இருந்தாலும் ஏற மாட்டேனே. இத்தனை நாளா… அத்தனையும் எங்க தொட்டிக்குத்தானா? அப்ப அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு நான் தூக்கிக்கிட்டுப் போனது… அது வூட்டுத் தண்ணியையே மொண்டு அதுக்கே தானம் பண்ணியிருக்கேன்! அது கையப் புடிச்சு வாழ்த்துனுச்சே தம்பி. நானும் முட்டி வலியோட நின்னு வாங்கிக்கிட்டேனே.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது, அழுகை வருது, எது மொதல்ல வருதுன்னு தெரியல. கைராசியாம்! அந்த வாழைய வெட்டுனா மூணு மாடித் தண்ணி கொட்டும்.

என்னா சொல்றீங்க? குழாயில காத்து அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லிடுறீங்களா? யாரு பேரும் வராதா? தம்பி, நீங்க நல்லாருக்கணும். அப்புடியே சொல்லிருங்க. எனக்கு இந்த வேலை லீவு முடியிற மட்டும் வேணும். இப்பத்தான் ரெண்டு கதவு தொறந்திருக்கு. சொல்லிருங்க, போங்க. கீரைக்கட்டை எடுத்துக்குங்க…

ஏய், நில்லுங்க.

நில்லுங்க தம்பி. அது ஆவாது. நேத்து செகரட்டரி ஐயா எங்கிட்ட வந்து, "மாரிக்கண்ணு, நீ காலையில எந்திரிக்கிறவ, அந்த சாமிநாதன் என்னா பண்றான்?"னு கேட்டாரு. நான்தான் சொன்னேன், மோட்டாரைப் போட்டுட்டு ஆளு இருக்குறதில்லன்னு. அதப் புடிச்சுக்கிட்டுத்தான், பக்கத்துல வூடு கட்டுறாங்களே, அதுக்கு இவரு தண்ணி வித்துட்டாருன்னு அவரு நெனைக்கிறாரு. சாயங்காலம் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால சொல்லி வேலைய வுட்டு அனுப்பப் போறாங்களாம். காத்துன்னு சொன்னா இன்னிக்கு அவரு வேலை தங்கும். திருடன்ங்குற பேரு? அது காத்துல போயிருமா? நாளைக்கு ஒரு வூட்டுல செருப்பைக் காணும்னாலும் அந்த ஆளைத்தானே பாப்பாங்க. அல்லி காலையிலேர்ந்து சட்டி பானைய சாக்குல கட்டிக்கிட்டு இருக்கு. விழிதியூர்ல அவங்களுக்கு இருந்த ஓட்டு வூடும் போன மழையில வுழுந்துருச்சு. எங்க போவும் அது?

நான் டயரைப் பாத்துத்தான் தம்பி இந்தத் தெருவுக்குத் திரும்புறேன். அந்த ஆளு போயிட்டா அந்த டயரு என்னையச் சும்மா வுடுமா?

வேலை போனா போவட்டும். மூட்டை கட்ட எனக்கு என்னா இருக்கு, ரெண்டு சேலை. பஸ்ஸு ஏறுனா இந்தா இருக்கு ஊரு, நீங்கதானே சிரிச்சீங்க. விஷ்ணுப்ரியாதான் என்னா சொல்லுமோ… புள்ளைதான் தேடும். பாப்போம்.

தம்பி? எங்க, ஆளையே காணும்? பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டீங்களா? கீரைய எடுத்துக்கிட்டீங்களா? ம், எடுத்துக்கிட்டாரு. பொழைக்கத் தெரிஞ்ச புள்ளை.

யாரு அது, படிக்கட்டுல சாக்கைத் தூக்கிக்கிட்டு? சாமிநாதனா? அல்லியும் நிக்குதா? ஏம்ப்பா, அந்த மூட்டைய எறக்கு. எறக்குன்னா எறக்கு! கட்டுனத அவுத்து, சட்டிய அடுப்புல வையி அல்லி. ராத்திரிக்கு ஒங்க ரூம்புலதான் கீரை மசியல், நான் கொண்டாரேன்.

ஒண்ணும் கேக்காத. செகரட்டரி வூட்டுக்குப் போறோம், எங்கூட வா. மாடியில சஃபியாப் பொண்ணையும் கூப்புடு, அந்த ஒத்தைக் கண்ணையும் கூப்புடு, எல்லாரும் இருக்கட்டும். நீ அங்க வந்து வாயத் தொறக்க வேணாம் சாமிநாதா. சும்மா எம் பக்கத்துல நில்லு, போதும்.

பேசுறதுக்குத்தான் நான் இருக்கேனே.